இரண்டு கொஜோகுல், ஒரு ஜோடி தோடு

சம்பந்தியாகவிருக்கும் மதிப்பிற்குரிய எசென்பாய் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் தொக்தோர் எழுதுவது. ஆடுகள் நலமா, குதிரைகள் நலமா, வீட்டார் நலமா? இங்கு மூன்றும் நலம். சொல்ல வந்தவை:

1. தவறு உங்களுடையதன்று.
2. ஊர்ப் பெயரின் வரலாறு தெரியாமல் யாரும் எங்கள் வீட்டை அடைய முடியாது.
3. என் மகள் ஜிப்பருக்குக் கோபம் இல்லை. (இதில் எனக்கே சற்றுச் சந்தேகம்.)

வெள்ளிக்கிழமை ஆடு அறுத்துவிட்டு வாசலில் நின்றோம். பெண்ணுக்கு நிச்சயத் தோடு போட நீங்கள் வரவில்லை. உங்கள் ஓட்டுநர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் விளங்கியது. எங்கள் கொஜோகுலுக்கு வராமல், மலைக்கு அந்தப் பக்கம் அதே பெயருள்ள ஊருக்குப் போய் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டைக் கேட்டிருக்கிறீர்கள்; அங்கும் ஒருவர் இருந்திருக்கிறார். வந்தவரைச் சாப்பிடுமுன் யார் என்று கேட்பது நம் வழக்கமில்லையே, அவரும் கேட்காமல் பெரிய விருந்தாளிக்குரிய ஆட்டுத்தலையை உங்கள் முன் வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் உங்கள் மனைவி பெட்டியைத் திறந்து, "பொண்ண வரச் சொல்லுங்க, தோட்டப் போட்டுடலாம்" என்றாராம். அவரோ, "எனக்கு நாலும் பசங்கதாங்க. அதனால என்ன, ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க!" என்றாராம். நீங்கள் வெட்கப்பட்டு வீடு திரும்பிவிட்டீர்கள். இந்தச் சம்பந்தம் கலைந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமில்லை. என் மனைவி விடுவதாயில்லை: "ஊருக்கெல்லாம் பூகோளம் சொல்லிக் குடுத்தீங்க, சொந்த ஊருக்கு வழி சொல்லத் தெரியல!"

ஆகவே வரலாறு. ஜார் காலத்தில் இது பெத்ரோவ்கா. புரட்சிக்குப் பிறகு செங்கொடி. சுதந்திரம் வந்ததும் கொஜோகுல் என்ற வீரரின் பெயரை வைத்தோம். அவர் இங்கே குதிரைக்குத் தண்ணீர் காட்டினாராம். அவர் மலைக்கு அந்தப் பக்கம் பிறந்தாராம், அதனால் அதே மாதம் அந்த ஊராரும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். எங்கள் மாவட்டத்தைக் கலைத்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி கலைத்தார்கள். இப்போது எங்களுக்கு மாவட்டம் உண்டா என்று அலுவலகத்தில் கேட்டேன், அவர்களுக்கும் உறுதியில்லை. வழியில் வயதானவரைக் கண்டால் செங்கொடி என்று கேளுங்கள், இளைஞரிடம் கீழ்க் கொஜோகுல் என்று கேளுங்கள் (அவர்கள் இப்போது எங்களை அப்படித்தான் அழைக்கிறார்கள்), நடுவயதுக்காரரைத் தவிர்த்துவிடுங்கள். தயவுசெய்து இன்னொரு முறை வாருங்கள்.

உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், மந்தை பெருகட்டும்.

தங்கள் அன்புள்ள
தொக்தோர்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போதே மாப்பிள்ளையாகப்போகும் உங்கள் மகன் தைலாக் வாசலில் வந்து நிற்கிறார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "ஊர்ப் பேரையே கேக்கல மாமா. நர்ஸ் ஜிப்பர் வீடு எதுன்னு வழியெல்லாம் கேட்டேன். அவங்ககிட்ட ஊசி போட்டுக்கிட்டவங்க எல்லாரும் இந்தப் பக்கம் கை காட்டினாங்க. அப்பாவும் அம்மாவும் பின்னாடி வண்டியில வர்றாங்க." உள்ளே ஜிப்பர் சிரிக்கிறாள். இதைத் தபாலில் சேர்க்காமல் உங்கள் கையிலேயே தருகிறேன். மேலே இரண்டாவதாக எழுதியது தவறு.