விரல் ரேகை வேட்டைக்காரர்

துடைப்பாளர்கள் என்று ஒரு மனித இனம் உண்டு. அவர்களை அடையாளம் காண நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. நீங்கள் எழுந்து போன பிறகு உங்கள் நாற்காலியைத் துடைப்பவர் சாதாரண ரகம். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே அதன் கைப்பிடியைத் துடைப்பவர் தேர்ந்த ரகம்.

இங்கே வரப்போகிறவர் தேர்ந்த ரகம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் ஊரார் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்துக் கொடுக்கிற மனிதர் வீட்டுக்கு வந்தாவது கையைச் சும்மா வைத்திருக்கலாம் அல்லவா? மாட்டார். செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குத்தான் போவார். அங்கே ஸ்டீல் ஃபிரிட்ஜ், ஸ்டீல் அடுப்பு, அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஸ்டீல் சிம்னி. ஃபிரிட்ஜ் கதவின் முன் நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பார்.

"இது கட்டைவிரல். வெண்ணெய் தொட்ட கட்டைவிரல். இந்த வீட்டுல வெண்ணெய் சாப்பிடுறது யாரு?"

"கைது பண்ணுங்கப்பா," என்பாள் கல்லூரிக்குப் போகும் மகள். ஃபிரிட்ஜை முழங்கையால் திறக்க அவள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள். மனைவி முந்தானையால் பிடித்துத் திறப்பாள். அதில் குளிர்ந்த பொருள் இருக்கிறது, எடுத்துச் சாப்பிடலாம் என்றெல்லாம் நினைப்பது உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான்.

அவருடைய முறையே தனி. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. மெத்தென்ற துணி. ஸ்டீலில் மெல்லிய கோடுகள் ஓடும், தெரியுமா? அவை ஓடுகிற திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் பாவம். பிறகு உலர்ந்த துணி, கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய். இவ்வளவும் முடிந்ததும் யாராவது அடுப்பைப் பற்றவைத்தால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதனால் வறுவல் வேலையெல்லாம் பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது. மழை பெய்தால் மனைவி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் குடையுமாக நிற்பாள்.

இதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம். சிரிக்க முடியாதது ஒன்றும் நடந்திருந்தது.

மனைவியின் அண்ணன் லாரி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் பட்டறையிலிருந்து அப்படியே தங்கையைப் பார்க்க வந்தார். உட்காரப் போனார். நம்மவர் ஓடிவந்து நாற்காலிமேல் ஒரு செய்தித்தாளை விரித்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, கை தானாகச் செய்துவிட்டது. அண்ணன் செய்தித்தாளைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு தங்கையோடு ஃபோனில் பேசுவதோடு சரி. வாசல்படி மிதிக்கவில்லை.

அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். தங்கை நூறு தடவை கூப்பிட்டபின் வந்த சம்மதம்.

அன்று விடியற்காலையிலேயே நம்மவர் சமையலறையை மின்ன வைத்துவிட்டார். மனைவி மீன் தட்டோடு வந்து வாணலியை அடுப்பில் வைத்தாள்.

"பால்கனியில..." என்று தொடங்கினார்.

"என்னங்க, என் அண்ணன் ரெண்டு வருஷம் கழிச்சு வர்றாரு. இன்னைக்கு உள்ளதான் வறுப்பேன். பாக்க முடியலைன்னா கண்ணை மூடிக்குங்க."

மூடிக்கொள்ளவில்லை. எண்ணெய் தெறித்தது. ஒவ்வொரு சொட்டும் சிம்னியில் எங்கே போய் உட்கார்ந்தது என்று முகவரி குறித்துக்கொண்டார்.

மச்சான் வந்தார். புதுச் சட்டை. கைகளை எவ்வளவு நேரம் தேய்த்துக் கழுவினாரோ, புறங்கையெல்லாம் சிவந்து கன்றியிருந்தது.

"உக்காருங்க மச்சான்."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. நின்னுக்கறேன்."

"தண்ணி எடுத்துக்குங்களேன், ஃபிரிட்ஜுல இருக்கு."

மச்சான் சமையலறை வாசலில் நின்றார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. "பாப்பா, நீ எடுத்துக் குடும்மா," என்றார் தங்கை மகளிடம், மெல்ல.

வாணலியில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்த மனைவி திரும்பவில்லை. ஆனால் கரண்டி நின்றுவிட்டது. நம்மவர் அந்தச் சிவந்த கைகளைப் பார்த்தார். ஒரு மனிதன் தங்கை வீட்டில் தண்ணீர் எடுக்கப் பயந்து கையை ஒளிக்கிறான். யார் பயமுறுத்தியது?

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் தட்டிலிருந்து வறுத்த மீன் துண்டு ஒன்றைக் கையால் எடுத்தார். சுட்டது. பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அதே கையால், எண்ணெய் வழியும் ஐந்து விரல்களும் உள்ளங்கையும் பதிய, ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துத் திறந்தார்.

"அப்பா!" மகள் அலறினாள்.

"என்ன அப்பா? ஃபிரிட்ஜுதானே," என்று பாட்டிலை எடுத்து மச்சானிடம் நீட்டினார். பாட்டிலும் வழுக்கியது. "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு மச்சான். உக்காருங்க."

மச்சான் கதவிலிருந்த கைத்தடத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அது கிறீச்சிடும்படி உட்கார்ந்தார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள்.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இனம் அப்படி மாறிவிடுமா? சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் கண் அந்தத் தடத்திலேயே இருந்தது. இருபது நிமிஷம் பொறுத்தார். இருபத்தோராவது நிமிஷம் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய், சத்தமில்லாமல் துணியை எடுத்தார்.

"ஓரத்துல விட்டுட்டீங்க மாப்பிள்ளை."

பின்னால் மச்சான். நம்மவருக்கு உயிரே போய்விட்டது. மச்சானோ அவரைத் தாண்டி, சிம்னியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"மேல மினுக்கி என்ன பிரயோஜனம்? உள்ள வலையில கிரீஸ் கட்டியா நிக்குது. இதைக் கழட்டினதே இல்லையா? கொதிக்கிற தண்ணி, சோடா உப்பு, சோப்பு. அரை மணி ஊறணும். ஸ்பேனரை எல்லாம் நான் தினம் இப்படித்தான் குளிப்பாட்டுறேன். ஒண்ணுல கறை இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

நம்மவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். புதிதாகப் பிறந்த பாசம் அந்தப் பார்வையில் இருந்தது.

சாயங்காலம் வரை இருவரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிம்னி வலையைத் தேய்த்தார்கள். அம்மாவும் மகளும் கூடத்தில் பழம் வெட்டித் தின்றார்கள்.

"ஒண்ணு இருந்துச்சு. இப்ப ரெண்டாச்சு," என்றாள் அம்மா.

படித்தீர்களா? சிரித்தீர்களா? நல்லது. இப்போது உங்கள் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள்; கையிலிருக்கும் துணியைக் கீழே வையுங்கள்.