சோம் பாபுவைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போ

பாட்டியாலா,
லோஹ்ரிப் பண்டிகைக்கு முந்தைய வாரம்.

அன்பு மகள் சர்பாணிக்கு, அடுத்த வீட்டு ஜக்தார் சாச்சா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் என் மூட்டுவலியும் நலம். கல்கத்தாவில் நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன்.

லோஹ்ரி முடிந்ததும் அப்பாவை உன்னோடே கூட்டிக்கொண்டு போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். மிகவும் நல்லது. முப்பது வருஷமாக இந்த மனிதரோடு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பௌத்தச் சித்தர்கள் பாடி வைத்த பாட்டுகளில்தான் எங்கள் பஞ்சாபிக்கு வேர் இருக்கிறது என்று காலேஜில் காலமெல்லாம் கத்தியவன் நான். உன் அப்பா ரயில்வேயில் கணக்குப் பார்த்தவர். ஆனாலும் அதெல்லாம் வங்காளம் என்பார். குளிர்காலத்து மொட்டைமாடி வெயிலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டே ஆரம்பிப்போம். என் வீட்டுக்காரி, உன் சாச்சி தேஜ் கௌர், டீயை நடுவில் வைத்துவிட்டு, "செத்துப்போன சாமியாருங்களுக்காக உசிரோட இருக்கிறவங்க அடிச்சுக்கிறீங்களே, டீ ஆறுது பாருங்க" என்பாள். ரெட்டை ஜடையோடு நீ எப்போதும் என் கட்சி, அவள் சுடும் பராட்டாவுக்காக. எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அவள் போன பிறகு டீயை உன் அப்பாதான் போடுகிறார், சர்க்கரை போதாது.

போன ஞாயிறு இலக்கிய வட்டத்தில் நான் பேச எழுந்து, "பஞ்சாபியின் வேர்" என்று வாயெடுத்ததும், முன்வரிசையில் உன் அப்பா, "பொய்! அது எங்க வங்காளம்!"னு எந்திரிச்சார். மைக்கை நான் கொடுக்கல, அவரும் விடல. அப்போ பின்னாடி இருந்து ஒரு ஒடியாக்காரர், பேங்க் அதிகாரியாம், பணிவா, "மன்னிக்கணும், அது எங்க ஒடியா"ன்னார். அவ்வளவுதான், ரெண்டு பேரும் ஒண்ணா அந்தப் பிள்ளை மேல பாய்ஞ்சோம். நான் மறந்த பாட்டை உன் அப்பா எடுத்துக் கொடுக்கிறார், அவர் விட்ட வரியை நான் பிடிக்கிறேன். ஒரே ரிக்‌ஷாவுல தோள்ல கைபோட்டுக்கிட்டு வீடு வந்தோம். இறங்கினதும், "ஆனாலும் வங்காளம்தான்"னார். அன்னிக்கு நின்னுபோன பேச்சு. இப்போ மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தனியா கடலை உடைக்கிற சத்தம் மட்டும் கேக்குது. ஆகவே தாமதிக்காமல் வா. அவருடைய மீன் வாசனையும் தெருவை விட்டு ஒழியட்டும்.

வாஹேகுரு உங்கள் வீட்டை நிறைவாக வைக்கட்டும்.

உன் சாச்சா,
ஜக்தார் சிங் விர்க்

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. இன்று காலை மனசு கேட்காமல் சுவரோரம் போய், "சோம் பாபு, அந்தப் பாட்டெல்லாம் வங்காளமாவே இருக்கட்டும், நீங்க போகாதீங்க" என்று சொல்லிவிட்டேன். பயந்துபோய் டாக்டரையே கூட்டி வந்துவிட்டார். டாக்டர் எனக்கு ஒன்றுமில்லை என்கிறார். உன் அப்பா நம்பவில்லை. "இந்த நிலைமையில சர்தார்ஜியை விட்டுட்டு நான் எப்படிப் போறது?" என்று டீ போட்டுக்கொண்டிருக்கிறார். நானும் அவ்வப்போது இருமிக் காட்டுகிறேன். மாப்பிள்ளையோடு லோஹ்ரிக்கு வா மகளே, வயிறாரச் சாப்பிடுங்கள், வந்தது போல ரெண்டு பேராகவே திரும்பிப் போங்கள்.