ரோஷ்வால் ஊரின் கண்ணீர்ப் பதிவேடு

மன்னரின் தலையை வாங்கிய குடியரசு, அடுத்த காரியமாக, அவருக்காக அழுதவர்களைப் பதிவு செய்யும்படி உத்தரவிட்டது. ரொட்டி மாவு எப்போது வரும் என்று உத்தரவில் இல்லை. ரோஷ்வால் ஊரின் பதிவுக் குழுத் தலைவர் இயாசிந்த் முன்பு பிரபுக்களுக்குப் பொய்முடி செய்தவர். தலைகள் குறைந்துபோனதால் தொழில் படுத்துவிட்டது. குடியரசுக்காரர்களின் சிவப்புக் குல்லாய்தான் இப்போது நாகரிகம் என்று கொளுத்தும் கோடையிலும் அதைக் கழற்றாமல் வியர்த்துக் கொட்டினார்.

சூப்புக் கடை பெரோன் மன்னர் செத்த அன்று அழுதாள் என்று எதிர்வீட்டில் செருப்புத் தைக்கும் பிளாசிது எழுதிக் கொடுத்திருந்தான். குற்றம் உறுதியானால் அவள் கழுத்து தங்காது.

"அழுதியா?" என்று கேட்டார் இயாசிந்த்.

"அழுதேங்கய்யா. வெங்காயம் உரிச்சேன்."

"ஐயாவாவது கொய்யாவாவது! எல்லாரும் சமம். குடிமகனேன்னு கூப்பிடு."

"சரி குடிமகனே. உரிச்சா உனக்கும்தான் கண்ணு கலங்கும்."

"நிஜக் குடியரசுக்காரன் கண்ணு கலங்காது!"

"உரிச்சுத்தான் பாரேன்."

பயம் அவளுக்கும் இருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

மேற்படி வெங்காயத்தை மேற்படி குழுவே உரித்துச் சோதிப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. மூன்றாவது வெங்காயத்தில் உறுப்பினர்கள் ஐவரும் ஒருமனதாக அழுதார்கள். எழுத்தர் அதை அப்படியே பதிந்தார்.

"யோவ், காரணத்தையும் எழுதுய்யா!" என்று மூக்கை உறிஞ்சினார் இயாசிந்த்.

"படிவத்துல அழுதார், அழவில்லைன்னு ரெண்டே கட்டம்தான் இருக்கு குடிமகனே."

சட்டம் சட்டம்தானே. இயாசிந்த் தன்னையும் மற்ற நால்வரையும் கைது செய்யும் உத்தரவில் தானே கையெழுத்திட்டு, சிறையில் பெரோனுக்குப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தார். தண்டனையில் கையெழுத்துப் போட ஆளில்லாததால் யாருக்கும் தண்டனை இல்லை. ஊரில் அரசாங்கமே இல்லை என்பது மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. ரொட்டி வரிசை பழையபடியே நீளமாக இருந்தது.

பிறகு பாரிசில் உத்தரவு போட்ட பெரிய குழுவின் தலைகளே உருண்டன. சிறை திறந்தது. குடியரசு போயிற்று. பேரரசர் ஒருவர் வந்தார், அவரும் போனார். இருபத்திரண்டு வருஷம் கழித்து மறுபடியும் ஒரு மன்னர் வந்தார்.

பழைய மன்னருக்காக அழுதவர்களுக்குப் பதவி, அழாதவர்களுக்குச் சிறை என்று புது உத்தரவு. பதிவேட்டில் அழுதவர்கள் ஆறே பேர். அந்த விசுவாசிகள் அறுவரும் புதுக் குழு ஆனார்கள். இயாசிந்த் குல்லாயைக் கழற்றிப் பொய்முடி வைத்துக்கொண்டார். அவர் பக்கத்து நாற்காலியில் பெரோன்.

முதல் ஆளாகப் பிளாசிது வந்து நின்றான். நரைத்துப்போயிருந்தான்.

"நானும் அன்னைக்கு அழுதேங்க, பெரோனம்மா. கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்."

"சாட்சி யாரு?"

"எதிர்வீடு நீங்கதானே. நீங்கதான் சொல்லணும்."

அவன் அழுதானா இல்லையா, அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு வெங்காயத்திலிருந்து அவள் தலையே நிமிரவில்லை.

"அழவில்லைன்னு எழுதிக்கோங்க" என்றாள்.

பிளாசிதுவை இழுத்துப் போனபோது, அடுத்த விசாரணைக்கு வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் பலமாகக் கைதட்டினார்கள். யார் தட்டவில்லை என்று பெரோன் ஜன்னல் வழியாகக் குறித்துக்கொண்டாள்.