ஐம்பது தோட்டாவும் ஒரு உருண்டைப் பழப்புளியும்

இராஜரட்ணத்தின் வேட்டைத் துவக்கு பிறக்கப் பதினொரு மாதமும் ஒன்பது நாளும் எடுத்தது. மனிசப் பிள்ளைக்குப் பத்து மாதம் போதும். ஆனால் மனிசப் பிள்ளைக்கு இருபத்தாறு அங்குலக் குழல் கிடையாது. வால்நட் மரத்தில் பிடி கிடையாது. அறுநூறு யார் தூரத்துக்கு அப்பால் நிற்கிற மானின் காது மயிரைக் காட்டும் தொலைநோக்கி கிடையாது.

செய்து கொடுத்தவர் லின்ட்சேப் பக்கம் பண்ணை வைத்திருந்த ஒரு ஃபின்லாந்துக் கிழவர். இராஜரட்ணத்தின் கையை அளந்தார், கழுத்தை அளந்தார், கன்னத்தை அளந்தார். கல்யாணக் கோட்டுக்குக்கூட அவரை யாரும் இப்படி அளந்ததில்லை. மில்லிக்கனில் ஒரு பக்டரியில் லேத் மெஷினில் வேலை செய்கிற இராஜரட்ணத்துக்கு அந்த அளவெடுப்பிலேயே கிழவர் மேல் பக்தி வந்துவிட்டது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்று பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர் இராஜரட்ணம்.

மனைவி மங்கையற்கரசிக்கு இறங்காதது அந்தத் துவக்கு.

"ஊரிலை துவக்குச் சத்தத்துக்கு வங்கர்க் குழிக்குள்ளை குப்புறக் கிடந்த மனுசன், இஞ்சை வந்து துவக்குக்கு ஓடர் குடுத்திருக்கிறார்."

"இஞ்சேர், அது வேறை துவக்கு. இது மானுக்கு."

"மான் உங்களுக்கு என்ன செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பிறகென்ன, விட்டுவிடுங்கோவன்."

கூட வேலை செய்த அலெக்ஸாண்டருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. "அண்ணை, மான் அறுநூறு யாரிலை நிண்டா உந்தத் துவக்கு அடிக்கும். கிட்ட வந்து நிண்டா?"

"நாங்கள் பின்னுக்குப் போவம்," என்றார் இராஜரட்ணம்.

கடைத் தோட்டா இந்தத் துவக்குக்குச் சரிவராது என்று கிழவர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு நாக்கு உண்டாம். எவ்வளவு வெடிமருந்து வைத்தால் அதற்குப் பிடிக்கும் என்று நாமே தோட்டா செய்து, சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். பிடித்துவிட்டால் சுடுகிற மூன்று சன்னக் குண்டும் ஒரே ஓட்டைக்குள் போகும். பிடிக்காவிட்டால் துப்பிவிடும்.

இராஜரட்ணம் பேஸ்மன்றில் மேசை போட்டார். தராசு வாங்கினார். பித்தளைக் கோதுகளைத் துடைத்து, மருந்து நிறுத்து, சன்னம் பொருத்தி, ஆறு வாரத்தில் ஐம்பது தோட்டா செய்தார். ஐந்து விதம், விதத்துக்குப் பத்து. ஒரு விதத்துக்கும் அடுத்த விதத்துக்கும் மருந்தில் வித்தியாசம் பத்தில் மூன்று கிரெயின். அது ஆறு எள்ளின் நிறை. சந்தேகம் வேண்டாம், குசினியிலிருந்து எள்ளு எடுத்துவந்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். வெளியில் பார்த்தால் ஐம்பதும் ஒரே மாதிரி. ஆகவே ஒவ்வொன்றின் அடியிலும் மார்க்கர் பேனையால் ஒரு பொட்டு வைத்தார். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா. ஐம்பதையும் நிறத்துக்கு ஒன்றாக ஐந்து வரிசையில், ஐம்பது ஓட்டையுள்ள பெட்டியில் அடுக்கி, பெட்டியை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திறப்பை மங்கையற்கரசியின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒளித்தார். அவள் அந்தப் படத்துக்கு நாளுக்கு இரண்டு தரம் விளக்கு வைக்கிறவள் என்பது அவருடைய கணக்கில் ஏறவில்லை.

கிழவரும் கறாரானவர். "ஒக்டோபர் கடைசி ஞாயிறு பண்ணைக்கு வா. மூன்று சன்னத்தை ஒரு போத்தல் மூடிக்குள் போட்டுக் காட்டு. காட்டினால் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன். இல்லையென்றால் அடுத்த வருசம் பார்ப்போம்."

அதே ஞாயிறு ரெக்ஸ்டேலில் சிவானிக்குப் பூப்பு நீராட்டுச் சாமத்தியவீடு. சிவானி, மங்கையற்கரசியின் அண்ணன் சச்சிதானந்தனின் ஒரே மகள். மூன்று மாதத்துக்கு முன்பே விழாவுக்கு ஹோல் எடுத்தாயிற்று. மங்கையற்கரசி நாலு தரம் சொல்லியிருக்கிறாள். நாலு தரமும் இராஜரட்ணம் மருந்து நிறுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் தரம் சொன்னபோது புதன்கிழமை. அப்போதுதான் காதில் விழுந்தது.

உடனே பேஸ்மன்றுக்கு இறங்கி, பண்ணைக்குக் கூட வருவதாக இருந்த அலெக்ஸாண்டருக்குப் போன் அடித்தார். அலெக்ஸாண்டர் வீட்டுக்கும் அந்தச் சாமத்தியவீட்டுக் கார்ட் போயிருந்தது.

"இரண்டு பேரும் ஓவர்டைம் எண்டு சொல்லுவம்."

"நல்ல யோசினை, அண்ணை."

"ஒரே மாதிரிச் சொல்லவேணும். ஞாயிற்றுக்கிழமை, காலமை ஏழு மணி, அவசர ஓடர்."

"ஏழு மணி, அவசர ஓடர். எழுதிப்போட்டன்."

மேலே வந்து மங்கையற்கரசியிடம் சொன்னார். இரண்டு மணித்தியாலச் சண்டைக்கு ஆயத்தமாக, சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வந்திட்டுது."

"ஓம், போங்கோ. நான் அண்ணையின்ரை வானிலை ஏறிப் போவன்."

அவ்வளவுதான். இராஜரட்ணம் ஆயத்தம் செய்து வைத்திருந்த ஏழு பதிலும் வீணாய்ப் போயின. கொஞ்சம் மனவருத்தமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தவர், நாளைய பயணத்துக்கு ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று அலுமாரியைத் திறந்தார். பெட்டியைத் திறந்தார்.

ஐம்பதும் தங்கம் போல மினுங்கின. அடியில் ஒரு பொட்டுக் கிடையாது. சிவப்பில்லை, நீலமில்லை, ஒன்றுமில்லை. பெட்டியிலிருந்து பழப்புளி மணந்தது.

படியில் மங்கையற்கரசி பாதி இறங்கி நின்றாள். "நாளைக்கு ஆலாத்திக்குக் கொண்டுபோக விளக்கு, பன்னீர்ச்செம்பு, தட்டம் எல்லாம் மினுக்கினனான். ஒரு உருண்டைப் புளி மிஞ்சிப்போச்சு. உங்கடை பித்தளையையும் மினுக்கிவிட்டன். வடிவாய் இருக்கோ?"

இராஜரட்ணத்தின் வாய் திறந்தது. "நாளைக்கு நான் உந்தத் தோட்டாவை…" என்று தொடங்கி, அங்கேயே நின்றது. லேத் மெஷினில் ஓவர்டைம் செய்யப்போகிறவனுக்குத் தோட்டா எதற்கு?

"வடிவாய் இருக்கு," என்றார்.

அவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. எடுத்த ஓட்டையிலேயே திரும்ப வைத்தாயா? தண்ணீருக்குள் போட்டாயா? நேரே கேட்டால் ஓவர்டைம் உடையும். ஆகவே சுற்றிப்போனார். மத்தியானத் தேத்தண்ணிக்குக் குசினியில் வந்து இருந்தார்.

"இஞ்சேர், விளக்கை மினுக்க முந்தித் தண்ணிக்குள்ளை போடுவீரோ?"

"புளித்தண்ணியிலை அரை மணித்தியாலம் ஊறவிடுவன். ஊறினாத்தானே களிம்பு விடும்."

இராஜரட்ணத்துக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

"சரி, கரண்டியள் கழுவுறீர். பத்துக் கரண்டி எண்டு வைப்பம். திரும்ப அடுக்கேக்கை முந்தியிருந்த ஒழுங்கிலையே அடுக்குவீரோ?"

"கரண்டியிலை என்னப்பா முதலாங் கரண்டி, பத்தாங் கரண்டி?"

"சும்மா கேட்டனான்."

"கலியாணம் கட்டி இருபத்தாறு வரியத்திலை இண்டைக்குத்தான் கரண்டியைப் பற்றிக் கேக்கிறியள். உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

"இல்லை."

பேஸ்மன்றுக்குத் திரும்பி, விரலை மடக்கி யோசித்தார். ஊறியிருக்கிறது. கலந்திருக்கிறது. ஒவ்வொன்றாய்க் கழற்றி மருந்தை நிறுத்துப் பிரிக்கலாம்தான். ஆனால் புளித்தண்ணீர் குடித்த மருந்தின் நிறையை எப்படி நம்புவது? ஆறு எள்ளு வித்தியாசம் ஒரு சொட்டுத் தண்ணீரில் அடிபட்டுப் போகும். நிறுத்துப் பார்ப்பதே தராசுக்கு அவமரியாதை. ஒரே வழிதான் உண்டு. ஐம்பதையும் கழற்றி, பழைய மருந்தைக் கொட்டி, புது மருந்து வைப்பது.

கோதிலிருந்து சன்னத்தைக் கழற்றச் சுத்தியல் மாதிரி ஒரு சாமான் இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் செருகி, கட்டையில் ஓங்கி அடித்தால், அடிக்கிற வேகத்தில் சன்னம் கழன்று வரும். ஒன்றுக்கு மூன்று அடி. சிலதுக்கு நாலு.

டொக். டொக். டொக்.

"என்னப்பா தட்டுறியள்?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"மேசைக்கால் ஆடுது."

டொக். டொக். டொக். டொக்.

"மேசைக்கு நாலு கால்தானே?"

"நாலும் ஆடுது."

நூற்றறுபத்தெட்டு அடியில் ஐம்பதும் கழன்றன. ஐம்பதின் மருந்தையும் ஒரு தகரப்பேணியில் கொட்டி, கொல்லைக்குப் போய் ரோசாவுக்கு அடியில் தூவித் தண்ணீர் ஊற்றினார். கை கழுவி வந்து, புது மருந்துப் பேணியைத் திறந்து நிறுத்தார். பதின்மூன்று தோட்டாவுக்கு மட்டுமே போதும். நம்பமாட்டாமல் மறுபடி நிறுத்தார். பதின்மூன்றுதான். ஐந்து விதத்தைச் சோதிக்கப் பதின்மூன்று எந்த மூலைக்கு? மருந்து விற்கிற கடை சனி நாலு மணிக்குப் பூட்டு. சுவரில் மணி நாலு இருபது.

கிழவருக்குப் போன் அடித்தார். கிழவர் முழுதும் கேட்டார். "புளி என்றால் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, "அடுத்த வருசம்," என்றார்.

இராஜரட்ணம் மேலே ஏறிவந்தார்.

"ஓவர்டைம் கான்சல்."

"அப்பிடியோ? ஆர் சொன்னது? போன் மணி அடிக்கேல்லையே."

"நேற்றே சொன்னவங்கள்."

"நேற்றுச் சொன்னதை ஏன் இண்டைக்குச் சொல்லுறியள்?"

"மறந்துபோனன்."

"பரவாயில்லை. வேட்டி, சேட் எல்லாம் ஸ்திரி போட்டுக் கட்டிலிலை வைச்சிருக்கிறன்."

அவர் போய்ப் பார்த்தார். வேட்டி சூடாக இல்லை. அது காலையிலேயே மடித்து வைத்த வேட்டி.

ஞாயிற்றுக்கிழமை ஹோல் வாசலில் அவருக்கு முதலில் தென்பட்டது அலெக்ஸாண்டர்தான். வேட்டி கட்டி, இரண்டு கையிலும் பலகாரத் தட்டத்தோடு, குனிந்த தலையோடு நின்றார்.

"நீர் என்ன இஞ்சை? ஓவர்டைம் கான்சல் எண்டு உமக்கு நான் போன் பண்ணவே இல்லையே."

"பிழை நடந்துபோச்சு, அண்ணை. ஏழு மணி, அவசர ஓடர், எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரித்தான் என்ரை மனிசி குணவதிக்குச் சொன்னனான்."

"பிறகென்ன?"

"போன மாதம் என்னை வேலையாலை லே ஓஃப் பண்ணினதை மறந்துபோனன்."

மருந்து நிறுத்த மும்முரத்தில் இராஜரட்ணத்துக்கும் அது மறந்துபோயிருந்தது; தட்டத்தில் இருந்த அரியதரத்தை எண்ணினார். பதினேழு இருந்தது. "குணவதி என்ன சொன்னவ?"

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. வியாழக்கிழமை உங்கடை வீட்டுக்குத்தான் போன் அடிச்சவ."

மங்கையற்கரசி கூறைச்சேலையில், மினுக்கிய விளக்கோடு மேடைக்குப் போகிற வரிசையில் நின்றாள். இராஜரட்ணத்தின் கையில் யாரோ பன்னீர்ச்செம்பைத் திணித்து, அவளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"வியாழக்கிழமையே உமக்குத் தெரியுமோ?" என்று முன்னுக்குப் பார்த்தபடியே கேட்டார்.

"ஓம்."

"தெரிஞ்சா நேரை கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவியள். உங்களுக்கு அது வராது. சொல்லேக்கை காது சிவக்கும், பாக்கப் பாவமாய்க் கிடக்கும்."

"அதுக்கு ஐம்பதையும் புளித்தண்ணியிலை ஊறப்போட்டு, கலந்து…"

மங்கையற்கரசி திரும்பிப் பார்த்தாள். "ஆர் ஊறப்போட்டது? பஞ்சிலை புளி தொட்டு அடியை மட்டும் துடைச்சனான். ஒண்டை எடுத்துத் துடைச்சு, அந்த ஓட்டையிலையே வைச்சிட்டுத்தான் அடுத்ததை எடுத்தனான். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா. பொட்டைத்தான் அழிச்சனான், ஒழுங்கு அப்பிடியே கிடக்கு. வெடிக்கிற சாமானை ஆரும் ஊறப்போடுவினமே?"

இராஜரட்ணம் பன்னீரைத் தன் வேட்டியிலேயே தெளித்துக்கொண்டார்.

"நேற்றுக் கேப்பியள், கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றாள். "'மங்கை, நான் துவக்குச் சுடப் போறன், தோட்டாவை எப்பிடி வைச்சனீர்?' எண்டு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா சொல்லியிருப்பன். நானே உங்களை விட்டிட்டு அண்ணையின்ரை வானிலை வந்திருப்பன். இப்ப அதுகள் பெட்டியிலைதானே இருக்கு?"

இராஜரட்ணத்துக்கு ரோசாச்செடி ஞாபகம் வந்தது. வீடியோக்காரன் பெரிய வெளிச்சத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "அங்கிள், அன்ரியைப் பாத்து ஒருக்காச் சிரியுங்கோ," என்றான்.

அவர் சிரித்த சிரிப்பு அந்த வீடியோவில் பதினான்கு விநாடி ஓடுகிறது. நவம்பரில், மான் வேட்டை நடந்த அதே கிழமையில், சச்சிதானந்தன் வீட்டில் அதை மட்டும் ஆறு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள்.