ட்ரவுட் மீனுக்குப் பின்னால் பாய்ந்தவன்

எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஆற்றில் பாய்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் என்றைக்காவது பிடிபடுவார்கள். நான் மூன்றாம் நாளே பிடிபட்டேன், அதுவும் பெற்ற தாயின் கண் முன்னால்.

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். விருந்தினர்களை மீன்பிடிக்க அழைத்துப்போக ஆள் தேடினார் மனேஜர்.

"ட்ரவுட் பிடிச்சிருக்கீங்களா?"

"கண்ண மூடிக்கிட்டுப் பிடிப்பேன் சேர்."

(திறந்துகொண்டும் பிடித்ததில்லை. அதை அவர் கேட்கவில்லை.)

ஒரு வாரம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றார். தேயிலைக் கொழுந்து பறித்தே என்னைப் படிக்கவைத்த அம்மா, மகனுக்கு உத்தியோகம் என்று அன்று மாலையே எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் வந்தவர் டேவிட், கனடாக்காரர். சல்மன், ஸ்டீல்ஹெட் மீன்கள் ஓடுகிற பெரிய ஆறுகளின் கரையில் வளர்ந்தவர். எங்கள் ஆற்று ட்ரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே சாதியாம். அவர் ஊரில் அது கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்பினால் பெயர் மாறிவிடுமாம். "ஓ யெஸ்" என்றேன். (என்னிடம் இருந்த ஆங்கிலத்தில் பெரும்பகுதி அதுதான்.)

வந்ததும் தூண்டிலைப் போடுவார் என்று பார்த்தேன். மனிதர் கால் மணிநேரம் தண்ணீரையே பார்த்தபடி நின்றார். பிறகு விரலால் காட்டினார்: அந்தப் பாறைக்குப் பின்னால் ஒன்று இருக்கும், இழுவை தணிகிற அந்த ஓரத்தில் இன்னொன்று. பிறந்ததிலிருந்து அந்த ஆற்றில் குளிக்கிறேன். எனக்கு அது வெறும் தண்ணீர். அவருக்கோ, வீட்டு இலக்கம் போட்ட தெரு.

ஆற்றில் இறங்குமுன், முட்டையளவு வெள்ளைக் கல் ஒன்றைத் தண்ணீர் விளிம்பில் வைத்து, பார்த்துக்கொள் என்று சைகை காட்டினார். பார்த்துக்கொண்டேன். தண்ணீர் கல்லைத் தொட்டபோது, ஐயோ நனைகிறதே என்று ஒரு சாண் மேலே எடுத்து வைத்தேன். மறுபடி தொட்டது. மறுபடி தூக்கினேன். இப்படி நாலைந்து தரம். (மேல்மலையில் மழை பெய்து ஆறு ஏறினால் தெரிந்துகொள்ள அவர் வைத்த அடையாளம் அது. திரும்பித் திரும்பிப் பார்த்தார். கல் எப்போதும் விளிம்பிலேயே இருந்தது!)

கண்ணாடியாக இருந்த தண்ணீர் பால் விடாத பிளேன்டி நிறத்துக்கு வந்தது. டேவிட், இறகில் கட்டிய சின்னக் கறுப்புப் பொய்ப்பூச்சியைத் தூண்டிலிலிருந்து கழற்றிவிட்டு, செம்மஞ்சளில் பெரியதாக ஒன்றை மாட்டினார். கலங்கலில் அதுதான் மீனின் கண்ணுக்குத் தெரியுமாம்.

தெரிந்தது. ஆற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு மீன் எழுந்தது. வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு, மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளிகள். காற்றில் வளைந்து ஒரு கணம் அப்படியே நின்றதுபோல இருந்தது. நாங்கள் துணி அலசுகிற தண்ணீரிலா இது இத்தனை நாளும் குடியிருந்தது?

மெதுவாகக் கிட்டே கொண்டுவந்தார். கையை நனைத்துக்கொண்டு, தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தார். விரல்கள் திறந்தன. மீன் போய்விட்டது.

பாவம், வயதானவர், நழுவவிட்டுவிட்டார்! என் வேலையும் போச்சு, அம்மா இனி லயத்தில் தலைகாட்ட முடியாது! "ஐ கேட்ச் சேர்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன்.

(பிடித்த மீனை வேண்டுமென்றே விடுகிறவர்கள் உலகத்தில் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மீன் போகிற இடம் சட்டி ஒன்றுதான்.)

நம்பமாட்டீர்கள், பிடித்தேன். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தேன். சில்லென்று, இறுகி, முழுக்க உயிராகவே இருந்தது. ஒரு உதறல். அப்படியொரு பலத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் தொட்டதில்லை. மறுகணம் மீனும் இல்லை, காலடியில் தரையும் இல்லை. உருட்டிக்கொண்டு போன ஆறு என்னை நடு ஆற்றுப் பாறையொன்றில் மோதவிட்டது. கட்டிக்கொண்டேன்.

கரைக்கு மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். அதில் ஒரு குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"அடேய்! உத்தியோகத்துக்குப் போறேன்னுட்டு ஆத்துல என்னடா பண்ற?"

"மீன் புடிக்கிறேம்மா!"

"எங்கடா மீனு?"

"போயிருச்சும்மா!"

"நீயும் போயிறாதடா! பாறைய விடாத!"

பெண்கள் இறங்கி ஓடிவந்து, கூடைக் கயிறுகளை அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்தார்கள். எறிவதற்கு நுனியில் கனம் வேண்டுமே. டேவிட் அந்த வெள்ளைக் கல்லை எடுத்தார். எடுத்தபோதுதான் அது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று கவனித்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

பிறகு கல்லைக் கயிற்று நுனியில் கட்டி வீசினார். முதல் வீச்சிலேயே கயிறு என் தோளில் விழுந்தது. அன்று அவருக்குக் கிடைத்த இரண்டாவது மீன் நான். என்னை அவர் திருப்பி விடவில்லை.

கரையில் நான் தண்ணீரைக் கக்க, அம்மா என் முதுகில் இரண்டு போட்டுவிட்டு டேவிட்டைக் கும்பிட்டார். "தொர, புள்ளைக்கு வேல இருக்குங்களா?" டேவிட் விழுந்து விழுந்து சிரித்ததால் பதில் கிடைக்கவில்லை.

பதிலைச் சொன்னது மனேஜர். "மீன் வேணாம். நீங்க நாளையிலருந்து பறவை காட்டுங்க. பறந்து போனா, பின்னால போக மாட்டீங்கதானே?"

இப்போதும் அந்த ஹோட்டலில் பறவைதான் காட்டுகிறேன். அரிதான குருவி ஒன்று படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டது என்று வீட்டில் நான் குறைப்பட்டுக்கொண்டால், மகள் பாடக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள்:

"பாயலையாப்பா?"

குசினி அடுப்படியிலிருந்து அம்மா பதில் சொல்வார்:

"கயித்தோட நான் நிக்காட்டி அவன் பாய மாட்டான்டி."