டேப் ஐயாவின் காணாமல் போன ஒரு இஞ்ச்

நாலாம் வகுப்புக்கு மேல் படியாதவன் நான். கொழும்பு முகத்துவாரத்தில் மீன்பெட்டி தூக்கிய கையால் கொட்டாஞ்சேனையில் டயர்க் கடை போட்டேன். ஒரு ஜாக்கி, இரண்டு லீவர், ஒரு கைப்பம்பு, அவ்வளவுதான் முதல். கடை ஒருமுறை எரிந்தது, இருமுறை வெள்ளத்தில் போனது. மூன்று முறையும் திரும்பக் கட்டினேன். புது டயர் நாட்டுக்குள் வராத காலத்தில், கிழிந்த டயருக்கு ஒட்டுப் போட்டு அரைக் கொழும்பை ஓட வைத்தவன் நான். பிள்ளைகள் மூவரும் இன்று கழுத்துப்பட்டி கட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறார்கள். இதில் எதுவும் என்னைக் களைக்கப் பண்ணவில்லை. என்னைக் களைக்கப் பண்ணிய மனுசன் உலகத்தில் ஒரே ஒருவர்தான். டேப் ஐயா.

துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் பெட்டிகளை அளந்து எழுதுவது அவருடைய உத்தியோகம். பென்ஷன் எடுத்த பிறகும் இரும்பு டேப் இடுப்பை விட்டு இறங்கவில்லை. பேக்கரியில் பாண் வாங்கினால் பாணை அளப்பார். கல்யாண வீட்டில் மேசையை அளந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். என் கடை வாசலில் நின்று ஒருநாள் சொன்னார்.

"பாஸ், உங்கட கதவு இடப்பக்கம் கால் இஞ்ச் இறங்கியிருக்கு."

இறங்கித்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

அவரிடம் ஒரு சின்ன ஜீப் இருந்தது. இரண்டு கதவு, பிஸ்கட் டின்னுக்குச் சில்லுப் பூட்டியது போல. காடு மேடு ஏறச் செய்த வாகனம், பாவம், வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. அவர் மனைவியை எல்லோரும் டீச்சர் என்போம். டீச்சருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் வாரம் இரண்டு நாள் படுக்க வேண்டும்.

அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையோ, அந்தச் சின்னச் சந்து, மழை பெய்தால் வாய்க்கால். ஒருநாள் பாதித் தண்ணீரில் ஜீப் நின்றுவிட்டது. கூப்பிட்ட த்ரீவீல்காரன் ஒழுங்கை முனையில் நின்று, "அய்யே, என்ர இஞ்சின் நனையும்" என்று போய்விட்டான். அன்றைய முறை தவறியது. டீச்சருக்குக் கால் வீங்கி மூச்சு இழுத்தது. இன்னொரு தடவை தவறினால் பொறுப்பு எடுக்க மாட்டேன் என்றார் டாக்டர்.

மறுநாள் டேப் ஐயா கணக்கெழுதிய ஒரு கொப்பியோடு வந்தார். ஒழுங்கையின் ஒவ்வொரு மதிலிலும் தண்ணீர் நின்ற அடையாளத்தை அளந்திருந்தார்.

"ரெண்டு இஞ்ச் போதாமப் போச்சு, பாஸ். ரெண்டு இஞ்ச் உயரமான டயர் போடுங்கோ."

"டயர் ரெண்டு இஞ்ச் உயர்ந்தா வண்டி ஒரு இஞ்ச்தான் எழும்பும், ஐயா."

"ஆர் சொன்னது?"

"நான்தான். நாப்பது வருஷமா டயரோட குடும்பம் நடத்துறன்."

நம்பவில்லை. நாலு டயரையும் மாற்றினேன். குனிந்து அளந்தார். எழும்பி என்னைப் பார்த்தார்.

"மற்ற இஞ்ச் எங்க?"

"அது அச்சுக்கு மேல போயிட்டுது. சில்லு வட்டம், ஐயா. மேலயும் வளரும், கீழயும் வளரும்."

"எனக்கு மேல தேவையில்லையே."

டயரின் மேல்பக்கத்தை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றார், அது தன்னுடைய இஞ்சை எடுத்து வைத்திருப்பது போல. நான் தேத்தண்ணி குடித்து, படுத்து, எழும்பியும் நின்றார்.

பிறகு ஒவ்வொரு நாளும் வந்தார். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் புது டயர் பம்பரில் உரசி எருமை போலக் கத்தியது. பம்பரின் மூலையை வெட்டினேன். பெரிய ஸ்பெயார் டயரின் பாரத்தில் பின்கதவு இறங்கியது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். கடைசியில் காணாமல் போன அந்த ஒரு இஞ்சுக்காக ஸ்பிரிங்குகளுக்கு மேல் கட்டை வைத்துத் தூக்கச் சொன்னார். "கைகாவலுக்கு இன்னுமொரு இஞ்ச் சேத்து வையுங்கோ" என்றார். எல்லாமாக மூன்று இஞ்ச். முதுகு விட்டுப்போயிற்று எனக்கு.

முடிந்த அன்று டீச்சரைக் கூட்டி வந்தார். டீச்சர் கதவைப் பிடித்தார். காலைத் தூக்கினார். எட்டவில்லை. மறுபடி தூக்கினார். பிறகு காலைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"இஞ்ச பாருங்கோ, இது ஆர் ஏறுறதுக்குச் செய்தது?"

தண்ணீரை அளந்த மனுசன், மதிலை அளந்த மனுசன், தன் மனிசியின் முழங்காலை அளக்கவில்லை. கை டேப்புக்குப் போனது. எடுக்காமல் திரும்பி வந்தது. அளப்பதற்கு ஒன்றுமில்லாமல் அவர் நின்றதை அன்றுதான் கண்டேன்.

"கழட்டுவம், பாஸ்."

கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கழற்றினால் பழைய கதைதான்.

"நில்லுங்கோ," என்றேன். "டேப்பைத் தாங்கோ."

ஒருவருக்கும் கொடுக்காத டேப்பைக் கொடுத்தார். டீச்சரின் கால் நோகாமல் எவ்வளவு உயரம் எழும்புகிறதோ, நிலத்திலிருந்து அவ்வளவையும் அளந்தேன். இரும்புச் சட்டம் வெட்டி, கதவுக்குக் கீழே படி ஒட்டினேன். வழுக்காமல் இருக்க, பழைய லொறி டயரில் ஒரு துண்டு அறுத்து அதன் மேல் பூட்டினேன். டீச்சர் கால் வைத்தார். ஏறி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலாம் வகுப்புக்கு இது காணும். பாஸ்தான் பரீட்சையில பாஸ். உங்களை அதே வகுப்பில இன்னும் ஒருக்கா இருத்த வேணும்" என்று புருசனைப் பார்த்தார்.

பத்தாம் நாள் மழை ஊற்றியது. அன்று மெஷின் நாள். வேறு அலுவலாகப் போனவன் போல ஒழுங்கை முனையில் குடையோடு நின்றேன். தண்ணீரைப் பிரித்துக்கொண்டு ஜீப் வந்தது. டேப் ஐயா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

அன்று முதல் கோயில் வாசலிலும் பாண் கடையிலும் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தும் அவருக்கு ஒரே கதை. "டயர்தான். உயரமான டயர் போட்டனான்." படியைப் பற்றி ஒரு சொல் இல்லை. டீச்சர் ஞாபகப்படுத்தினால், "ஓம், அதுவும் இருக்கு" என்பாராம்.

இப்போது அவருக்குக் கண் ஒப்பரேஷன். மருமகன்தான் ஜீப்பை ஓட்டுகிறான். மூன்று வாரமாகக் கடைப் பக்கம் ஆள் இல்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜீப்பைத் தூக்கியது டயராக இருக்கட்டும். டீச்சரைத் தூக்கியது என் படி. அதை அவர் என் கடை வாசலில் நின்று, நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். வரும்போது டேப்பையும் கொண்டு வரட்டும். என் கதவு திரும்பவும் இறங்கியிருக்கிறது. எவ்வளவு என்று சொல்ல ஆள் இல்லை.