நிகோடின் ஏற்பியும் அத்தானின் இலக்கணமும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், ஆய்வகமும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கத்தான் பலமுறை போன் செய்தேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. போனை எடுக்காதவள் கடிதத்தையாவது பிரிப்பாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உறையின் மேல் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறாய் என்றால் உனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அத்தான் மறுபடியும் சிகரெட்டைக் கையில் எடுத்ததற்கு நான்தான் காரணம் என்று சொன்னாய். மறுக்கவில்லை. ஆனால் நடந்தது எப்படி நடந்தது என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் திட்டு.

என் வேலை உனக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாய். நரம்பு தசையைப் பார்த்து ‘அசை’ என்று சொல்ல அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் துப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளத் தசையின் மேல் ஒரு புரதம் காத்திருக்கிறது. ஐந்து துண்டுகள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நிற்கும், நடுவில் ஒரு துவாரம். ரசாயனம் வந்து தொட்டதும் அந்தத் துவாரம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் திறந்து மூடும். அதற்குள் உப்பின் அயனிகள் திபுதிபுவென்று உள்ளே ஓடிவிடும். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் இத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கதவைத்தான். இதன் பங்காளிகள் மூளையிலும் குடியிருக்கிறார்கள். புகையிலையில் இருக்கும் நிகோடினுக்கும் இந்தக் கதவைத் திறக்கத் தெரியும். திருடன் கையில் இருக்கும் கள்ளச்சாவி மாதிரி. அந்தத் திருடனை வைத்துத்தான் கதவை முதலில் அடையாளம் கண்டார்கள் என்பதால் வீட்டுக்காரன் பெயரை விட்டுவிட்டுத் திருடன் பெயரையே கதவுக்கு வைத்துவிட்டார்கள். அன்றைக்கு யாராவது கொஞ்சம் யோசித்திருந்தால் இன்றைக்கு நம் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நூலகத்தில் பொதுமக்களுக்குத் தமிழில் பேசக் கூப்பிட்டார்களே, வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் ரிசப்டர், ரிசப்டர் என்றே பழகிவிட்ட வாய்க்குத் தமிழ்ச்சொல் வரவில்லை. வீட்டிலேயே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இருக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும் என்று அத்தானிடம் கேட்டேன். வெட்டிக்கொண்டு வா என்றால் கட்டிக்கொண்டு வருபவர் அவர். மறுநாளே “ஏற்பி” என்றார். எத்தனை அழகான சொல் என்று நான் மெச்சியபோது அவர் வாயில் புளிப்பு மிட்டாய் இருந்தது. இதய டாக்டர் மிரட்டிய பிறகு சிகரெட்டுக்குப் பதிலாக நீ வாங்கிக் கொடுத்தது.

“எந்த ஏற்பி?” என்று கேட்டார்.

“நிகோடின் ஏற்பி அத்தான்” என்றேன்.

மிட்டாயைக் கன்னத்தின் ஓரத்துக்குத் தள்ளினார். “ஏற்பின்னா ஏத்துக்கறது. மறுப்பின்னு ஏதாவது இருக்கா?”

“அப்படி எதுவும் இல்லை அத்தான்.”

“அப்ப என் உடம்புக்கு மறுப்பே இல்ல. பேர்ப்பலகை மாட்டி வாசல் வச்சுக் காத்திருக்கு. மறுப்பெல்லாம் உங்க அக்காவுக்குத்தான்!”

நான் சிரித்துவிட்டேன் அக்கா. அவர் இலக்கணம் பேசினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பை அவர் ஒப்புதல் என்று பதிவு செய்துகொண்டார்.

மறுவாரமே நீ அவர் சட்டையில் சிகரெட் வாசனை பிடித்தாய். சரி, விட்ட இடத்திலேயே பிடிப்போம் என்று என் நூலகப் பேச்சில் ஒரு பகுதியைச் சேர்த்தேன். ஓயாமல் நிகோடின் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் கதவு மரத்துப்போய் மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு பிடிக்கிற சிகரெட்டெல்லாம் வெறும் புகைதான் என்று அழுத்திச் சொன்னேன். சொல்லும்போது முன்வரிசையில் இருந்த அத்தானைப் பார்த்தே சொன்னேன். கேள்வி நேரத்தில் முதல் கை அவருடையது.

“அப்ப விட்டு விட்டுப் பிடிக்கிறதுதான் தப்பு. விடாம பிடிச்சா கதவு சாத்திக்கும், உள்ள ஒண்ணும் போகாது. நான் சொல்றது சரிதானே?”

கூட்டம் கை தட்டியது. நான் மேடையிலிருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தேன். அன்றிலிருந்து அவர் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பற்றவைக்கிறார் என்று நீ சொன்னாய்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பயம் காட்டினால் அடங்குவார் என்று ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். லாரி போனால்கூட அதிராதபடி காற்றின் மேல் மிதக்கும் மேஜையைக் காட்டினேன். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியை ஒரு செல்லின் மேல் ஒட்டவைத்து, ஒற்றைக் கதவு திறந்து மூடுவதைத் திரையில் காட்டினேன். கோடு மேலே குதித்தது, கீழே இறங்கியது. அத்தான் மூச்சுவிடாமல் பார்த்தார். இதுதான் சமயம் என்று, ஒரு பாம்பின் விஷம் இதே கதவை அடைத்துவிடும், தசை அசையாது, மூச்சு நின்றுவிடும் என்றேன்.

“விஷம் மூடும். புகையிலை திறக்கும்.” மெதுவாகச் சொன்னார். “அப்ப பாம்புக்கடிக்குப் புகையிலைதான் மருந்துன்னு சொல்லு!”

இல்லவே இல்லை, அப்படிச் செய்தால் ஆள் போய்விடுவான், ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும் என்று கத்தினேன். அவரோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், தோட்டத்தில் பாம்பு பார்த்ததாகப் பயந்துகொண்டிருந்த கீழ்வீட்டுக்காரரிடம் என் பெயரையும் பட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். நீ வீடு வீடாகப் படியேறி, “என் தம்பி அப்படியெல்லாம் சொல்லல” என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்த குரங்கு மாடிப்படியெல்லாம் ஏறி இறங்கியது.

அன்று மாலை நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. “அவர் பிடிக்கிறதைக்கூடப் பொறுத்துப்பேன்டா. உன் பேரைச் சொல்லிப் பிடிக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியல.” வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆய்வகத்திலிருந்து இறங்கும்போது அத்தானால் ஒரேயடியாக இறங்க முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினார். “அந்தக் கதவு எத்தனை நேரம்தான் திறந்திருக்கும் தம்பி?” என்று கேட்டார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் கேட்டார் என்று இப்போது புரிகிறது. நான் இரண்டு படி கீழே நின்றுகொண்டு விளக்கினேன். அக்கா, நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். அப்பா போன பிறகு எல்லோரும் என்னை வேலைக்குப் போகச் சொன்னபோது, “அவன் படிக்கட்டும்” என்று சொன்ன ஒரே ஆள் அவர். அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது, “எனக்குப் பயமா இருக்கு அத்தான், விட்டுடுங்க” என்பது மட்டும்தான். அதைச் சொல்ல எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. அதுதான் எனக்கு வரவில்லை.

ஆகவே இனிமேல் அத்தானிடம் அறிவியல் என்று ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது சத்தியம். என் ஆராய்ச்சி மொத்தமும் தப்பு என்று தெரிந்துவிட்டதாக வேண்டுமானால் அவரிடம் சொல்லிவிடு. அப்படி ஒரு கதவே கிடையாது என்று சொல். ஏற்பி என்ற சொல்லையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என்னை மன்னித்து, ஒரே ஒருமுறை பேசு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் கோபத்துக்கும் என் வணக்கம். இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

என்றும் உன்,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தான் உங்கள் பால்கனியிலிருந்து போனில் கூப்பிட்டார். சிகரெட்டை நேற்றோடு விட்டுவிட்டாராம். “நீயும் அவளும் பேசாம இருக்கறதைப் பார்க்க முடியல தம்பி. நான் சொன்னா நம்பமாட்டா, நீ சொல்லு” என்றார். எனக்கு வரவில்லை என்று மேலே எழுதிய அந்த ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், “விட்டதுலேருந்து ஒரே எரிச்சலா வருதே, ஏன்?” என்று கேட்டார். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சத்தியம் மறந்துபோயிற்று. நாள்பட்டுப் பிடித்தவர்கள் மூளையில் இந்த ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகிவிடும், இப்போது அத்தனையும் நிகோடின் வராமல் தவித்து நிற்கின்றன என்று ஆரம்பித்து, படம் போடாத குறையாக விளக்கிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, “அத்தனை பேரும் வாசல்ல காத்துக்கிட்டா நிக்கறாங்க? பாவம்டா” என்றார். அதற்கடுத்து தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. அக்கா, மேலே கேட்ட மன்னிப்பை நீ தர வேண்டாம். நான் கூப்பிடும்போது போனை மட்டும் எடுத்து அவரிடம் கொடு. எதையும் விளக்காமல் நான் அழுதுவிடுகிறேன்.